வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா

மட்டக்களப்புக்கு என்னைக் கூப்பிட்டது நாற்பது நிமிடம் பேசுவதற்கு. தலைப்பை அவர்களே கொடுத்திருந்தார்கள்: 'நோய் எதிர்ப்பியலின் தொடக்க காலமும் பாம்புக்கடி மருந்தும்.' ஆஸ்பத்திரி டாக்டர்களுக்காக நடக்கிற கூட்டமாம். எனக்கு முன்னால் மூன்று பேரைக் கேட்டு, மூன்று பேரும் நழுவிய பிறகுதான் என் பெயர் வந்தது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒப்புக்கொண்டேன். முப்பது வருட உத்தியோகத்தில் கம்பெனி என்னை அனுப்பிய அதிகபட்ச தூரம் ஓசூர்.

நான் கால்நடை மருத்துவம் படித்தவன். சென்னைக்கு வெளியே பாம்புக்கடி மருந்து தயாரிக்கிற ஓர் இடத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பாம்பின் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றுவோம். அதன் ரத்தத்தில் அந்த விஷத்துக்கு எதிரான ஆண்டிபாடிகள் ஊறும். அந்த ரத்தத்தை எடுத்து, வேண்டியதைப் பிரித்து, சுத்தம் செய்து, பொடியாக்கிக் குப்பியில் அடைத்தால் மருந்து. அப்படி அடைத்த குப்பிகளில் ஒரு பங்கு இலங்கைக்குப் போகிறது.

இன்னொரு சங்கதியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குக் குதிரை ஒத்துக்கொள்ளாது. நாலு வருடமாகத்தான் இப்படி. முதலில் தும்மல், பிறகு கண்ணில் நீர், ஒரு நாள் லாயத்திலேயே தொண்டை அடைத்து விழுந்தேன். பார்த்த டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க உடம்பு குதிரைக்கு எதிரா ஆண்டிபாடி தயார் பண்ணி வச்சிருக்கு சார். உங்களுக்குக் குதிரை மருந்து ஏத்தினா உயிருக்கு உத்தரவாதம் இல்ல. அதனால தயவு செஞ்சு பாம்புக்கிட்ட கடி வாங்காதீங்க." கம்பெனியில் நான் மூச்சு விடவில்லை. சொன்னால் லாயத்திலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்கள். அந்தக் குதிரைகளை விட்டுவிட்டு, முக்கியமாக வெள்ளச்சி என்கிற கிழட்டுப் பெண் குதிரையை விட்டுவிட்டு, அட்டைப்பெட்டி எண்ணிக்கொண்டிருக்க என்னால் முடியாது. மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டினேன்.

அந்த மாத்திரைகளும், பேச்சுக்கான குறிப்புகளும், மூன்று சட்டைகளும் இருந்த பையைத்தான் முதல் நாளே பஸ் கொண்டுபோய்விட்டது.

பையைப் பின்பக்க டிக்கியில் வைத்தது கண்டக்டர். "பத்திரமா இரிக்கும் ஐயா" என்றார். பத்திரமாகத்தான் இருந்தது, பஸ் கடைசியாகப் போய் நிற்கிற அக்கரைப்பற்று வரைக்கும். மட்டக்களப்பில் நான் இறங்கிச் சுற்றி வருவதற்குள் பஸ் புகையை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது. நம் ஊரில் ஒரு பஸ்ஸைக் கிளப்ப நாலு பேர் விசிலடிக்க வேண்டும். இங்கே ஒருவரும் வாயே திறக்கவில்லை.

நான் நின்ற கோலத்தைப் பார்த்து ஓர் ஆட்டோக்காரர் வந்தார். பெயர் நௌபர், காத்தான்குடிக்காரர், வயது நாற்பதுக்குள். "பயப்பட வேணாம் சேர். இஞ்ச பேக் களவு போகா. சுத்திட்டு வரும்" என்றார். எத்தனை நாளில் என்று கேட்டேன். அதை அவர் அல்லாஹ்விடம் விட்டுவிட்டார்.

உடுத்த துணி வேண்டுமே என்று தன் அண்ணனின் கடைக்கு அழைத்துப்போனார். காத்தான்குடியில் நடுரோட்டில் வரிசையாகப் பேரீச்ச மரங்கள் நிற்கின்றன. நான் வேடிக்கை பார்ப்பதைக் கண்டு நௌபர் சொன்னார்: "எட்டு வருசம் கட்டார்ல இரிந்தன் சேர். குதிர கழுவுற வேல. குதிரைக்கு ஏசி, எங்களுக்கு ஃபேன்." என் தொழிலைச் சொன்னேன். ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு முழுதாகத் திரும்பி உட்கார்ந்து என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பயணம் முழுக்க அவர் என்னை விட்டுப் போகவில்லை.

கடையில், நம் ஊரில் கைலி என்கிற சாரம் ஒன்றும் இரண்டு சட்டைகளும் எடுத்தேன். எடுக்கும்போதே நௌபர் கேட்டார்: "கடிச்சது எந்தப் பாம்பு, எந்த விசமெண்டு குதிரட ரத்தத்துக்கு எப்பிடி சேர் தெரியும்?" நாற்பது நிமிடப் பேச்சில் நான் சொல்ல நினைத்திருந்ததே அதுதான். குறிப்புகள் அக்கரைப்பற்றில் இருந்ததால் எதிரே இருந்த அலமாரியைக் காட்டிப் பேசினேன்.

ரொம்பக் காலம் விஞ்ஞானிகள் உடம்பைத் தையல்கடை என்று நினைத்தார்கள். விஷமோ கிருமியோ உள்ளே வந்ததும் உடம்பு அதற்கு அளவெடுத்து, அளவுக்கேற்ற ஆண்டிபாடியைத் தைக்கிறது என்பது அவர்கள் எண்ணம். உண்மையில் உடம்பு ஒரு ரெடிமேட் கடை. வரப்போகிறவன் யார் என்று தெரியாமலே கோடிக்கணக்கான அளவுகளைத் தைத்து அடுக்கி வைத்திருக்கிறது. வந்தவனுக்கு எது பொருந்துகிறதோ அந்த ஒன்றை மட்டும் லட்சக்கணக்கில் தைக்கச் சொல்லி ஆர்டர் போடுகிறது. சரக்கு வந்து சேரக் குதிரைக்கும் மனிதனுக்கும் பத்து நாள் போல ஆகும்.

"அப்ப மிச்சமெல்லாம்?" என்றார் கடைக்கார அண்ணன்.

"பெரும்பாலும் யாரும் தொடாமலே வீணாப் போகும்."

"எங்கட கடயப் போலதான்" என்றார் அவர்.

ஆண்டிபாடி கவண் கட்டை வடிவில் இருக்கும் என்றேன். இரண்டு கிளை முனைகளிலும் ஒவ்வொரு சின்னக் குழி. குழியின் மேடு பள்ளத்தோடு விஷத்தின் மேடு பள்ளம் ஒத்துப்போனால் பிடித்துக்கொள்ளும். பசை கிடையாது, ஆணி கிடையாது, சின்னச் சின்ன ஈர்ப்புகள் பல சேர்ந்து ஒரு பிடி. ஒரே ஒரு மேடு மாறினாலும் பிடி தளர்ந்துவிடும். இவ்வளவையும் விளக்கிவிட்டு, நாற்பத்திரண்டு என்று எழுதியிருந்த சட்டையைப் போட்டுப் பார்த்தேன். பொத்தான் எட்டவில்லை. இருபது வருடமாக நான் நாற்பத்திரண்டுதான் போடுகிறேன். "அது இந்தியா நாப்பத்திரண்டு சேர்" என்று கடைக்காரர் வேறொன்றை எடுத்துத் தந்தார்.

அன்று மாலை வாவிக்கரை விடுதியில் புட்டும் நண்டுக்கறியும் சாப்பிட்டேன். தேங்காய்ப்பாலில் நண்டை மிதக்க விடுகிறவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. விடுதிக்காரர் முதல் வழிப்போக்கர் வரை எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "மீன் பாடுறதக் கேட்டீங்களா?" அந்த வாவியின் மீன்கள் பாடுமாம். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்க வேண்டுமாம். வைத்தேன். கல்லடிப் பாலத்தில் போன லாரியின் ஹாரன் தெளிவாகக் கேட்டது.

இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னை அழைத்திருந்தவர் டாக்டர் றிஸ்மியா. பேசிக்கொண்டே நடப்பவர், நடந்துகொண்டே கையெழுத்துப் போடுபவர். அவருடைய அறையில் புத்தகம் இருக்க வேண்டிய அலமாரி முழுக்கப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பு.

"எங்கட சனம் வெறுங்கையோட ஆஸ்பத்திரிக்கு வராது டொக்டர்" என்றார். "கடிச்ச பாம்பையும் அடிச்சுக் கொண்டுதான் வருவினம். உரப்பைக்குள்ள, சோத்துப் பெட்டிக்குள்ள. ஒருத்தர் ஹெல்மெட்டுக்குள்ள உயிரோட கொண்டு வந்தவர். சில நேரம் ஆளுக்கு முன்னம் பாம்பு வந்திரும்."

எங்கள் ஊரில் கடிபட்டவன் பாம்பை விட்டுவிட்டு மந்திரிப்பவரைத் தேடி ஓடுவான். அதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு அறிவான வழக்கம் என்று பாராட்டினேன். எந்தப் பாம்பு என்று தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது என்று கூடச் சொல்லி வைத்தேன்.

அவர் ஒரு போத்தலை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒரு சாண் நீளம், காய்ந்த இலை நிறம், மூக்கு மட்டும் மேலே நிமிர்ந்த சின்ன விரியன். "இந்த நாட்டில கன சனத்தைக் கடிக்கிறது இதுதான். உங்கட குப்பியில இதுக்கு என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லை. எங்கள் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலு பாம்புகளுக்கு மட்டும். "எங்க ஊர்ல இது அவ்வளவு பிரச்சினை இல்லீங்க டாக்டர்" என்றேன்.

"தெரியும். அதாலதான் கேட்டனான்" என்று எழுந்து, வார்டுக்கு அழைத்துப்போனார்.

அங்கே நாற்பது வயதுப் பெண் ஒருவர் படுத்திருந்தார். மரமுந்திரிகைத் தோட்டத்தில் சருகு கூட்டும்போது கடித்ததாம். பெரும்பாலானவர்களுக்குக் கால் வீங்கி வடிந்துவிடும். இவருக்குச் சிறுநீரகம் நின்றுபோய், மூன்று வாரமாக மெஷினில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். "பாம்புக்கடி மருந்து செய்யிற இடத்தில இருந்து வந்திருக்கிறார்" என்று டாக்டர் என்னை அறிமுகப்படுத்தினார்.

அந்தப் பெண் எழுந்து உட்காரப் பார்த்தார். "மருந்து கொண்டு வந்தீங்களா ஐயா?"

"இல்லம்மா. பேசுறதுக்கு வந்திருக்கேன்."

"நல்லம் ஐயா" என்று திரும்பப் படுத்துக்கொண்டார். குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்று மாலை ஒரு பள்ளிக்கூடக் கொப்பி வாங்கி, தொலைந்த குறிப்புகளை நினைவிலிருந்து எழுதினேன். தொண்டை அடைப்பான் நோயிலிருந்து பிழைத்த பிராணியின் ரத்தத்தெளிவு வேறொரு பிராணியைக் காப்பாற்றும் என்று பெர்லினில் கண்டுபிடித்தது. அந்த வழியில் ஒரு பிரெஞ்சு மருத்துவர் நாகத்துக்கு முதல் மருந்து செய்தது. சைகோன் பக்கம் வெள்ளத்தில் ஊருக்குள் வந்த நாகங்கள் அவருக்கு உதவின. மருந்து நன்றாக வேலை செய்தது. உடனே அவர் உலகத்துப் பாம்புகளுக்கெல்லாம் இது ஒன்றே போதும் என்று சொல்லிவிட்டார். ஆஸ்திரேலியாக்காரர்களும் பிரேசில்காரர்களும் தங்கள் ஊர்ப் பாம்புகளிடம் சோதித்துவிட்டு, ஐயா, எங்கள் பாம்புக்கு உங்கள் மருந்து கேட்கவில்லை என்றார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். எந்தப் பாம்பின் விஷத்தை ஏற்றினோமோ அந்தப் பாம்பு வரைக்கும்தான் மருந்துக்கு அந்த அறிவு என்பது அப்போது தெரியவந்தது.

அடுத்தது நாய்க் கதை. ஓர் ஐரோப்பியச் சிற்றரசரின் உல்லாசப் படகில் இரண்டு விஞ்ஞானிகள் கடல் விஷம் ஒன்றை ஆராய்ந்தார்கள். கரைக்கு வந்ததும், கொஞ்சம் விஷம் ஏற்றிப் பழக்கிவிட்டால் நாய்க்குத் தாங்கும் சக்தி வரும் என்று ஏற்றினார்கள். சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவு மறுபடி ஏற்றியதும் நாய் சில நிமிடங்களில் செத்துப்போனது. உடம்பு கற்றுக்கொள்ளத்தான் செய்தது. ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதைக் கற்றுக்கொண்டது. அந்த நாயோடு எனக்குத் தனிப்பட்ட சொந்தம் உண்டு.

மூன்றாம் நாள் நௌபரின் ஆட்டோவில் உன்னிச்சை என்ற கிராமத்துக்கு. எங்கள் மருந்தால் பிழைத்த ஒரு விவசாயி என்னைப் பார்க்க வேண்டும் என்கிறார், பகல் சாப்பாடு அவருடைய வயலில் என்று டாக்டர் ஏற்பாடு செய்திருந்தார். வலையிறவுப் பாலத்தைத் தாண்டினால் படுவான்கரை. பொழுது படுகிற பக்கம் என்பதால் அந்தப் பெயர். பாலம் தாண்டியதும் கடை, ஹாரன், பரபரப்பு எல்லாம் நின்றுவிடும். அதன் பிறகு வயல், எருமை, வயல்.

தங்கராசாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். இடது காலில் இரண்டு விரல்கள் சூம்பியிருந்தன. போன வருடம் கண்ணாடி விரியன் கடித்த கால். இங்கே அதை முத்திரைப் புடையன் என்கிறார்கள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "பதினெட்டுக் குப்பி ஏத்தின ஐயா. எனக்குள்ள இப்பப் பாதிக் குதிர" என்றார். என் வாழ்நாளில் எனக்கு யாரும் அப்படி நன்றி சொன்னதில்லை. நானும் கம்பெனியின் சார்பில் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

அறுவடை நடந்துகொண்டிருந்தது. வட்டை என்று அவர்கள் சொல்கிற வயல்வெளியின் ஓரத்தில் ஒரு வாடி, அதாவது காவலுக்கும் சாப்பாட்டுக்குமான ஓலைக் கொட்டகை. சிவப்பரிசிச் சோறு, குளத்து விரால் மீன் குழம்பு, சட்டியோடு எருமைத் தயிர். தயிர்ச் சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழவில்லை. கவிழ்த்தே காட்டினார்கள். நௌபர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். நான் எத்தனை முறை என்று எழுதுவதாக இல்லை.

கை கழுவ வாடிக்குப் பின்னால் போனேன். ஒரு மரமுந்திரிகை மரம், அடியில் கணுக்கால் அளவு சருகு. புதுச் சாரம், காலில் வாருச் செருப்பு. வலது காலின் வெளிப்பக்கம் முள் குத்தின மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தபோது ஒரு சருகு மட்டும் இடம் மாறியது. இரண்டு சின்னப் புள்ளிகளில் ரத்தம் துளிர்த்தது.

நான் கூப்பிட்ட குரலுக்குத் தங்கராசா ஓடி வந்தார். காலைப் பார்த்தார். "நடக்கப்படாது ஐயா. அசையாம இரிங்க" என்று அவரும் நௌபருமாக என்னைத் தூக்கி உழவு மெஷின் என்கிற டிராக்டரின் பெட்டியில் கிடத்தினார்கள். ஆட்டோ குளக்கட்டில்தான் நின்றது. மெஷின் கிளம்பும் நேரத்தில் தங்கராசா இறங்கி எதிர்ப்பக்கமாக ஓடினார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். இரண்டு நிமிடத்தில் ஓர் உரப்பையோடு மூச்சிரைக்க வந்து ஏறினார்.

"என்னங்க அது?"

"பாம்பு ஐயா. அடிச்சிட்டன்."

ஆட்டோவில் போகும்போது பையின் வாயை விரித்துக் காட்டினார். உள்ளே கை மொத்தத்தில், முதுகில் சங்கிலி போட்ட மாதிரி வட்டங்களோடு கண்ணாடி விரியன். கடி எரிந்துகொண்டிருந்த கால் அதைப் பார்த்ததும் மரத்துப்போன மாதிரி ஆனது.

என் நிலைமையை அப்போது நான் நிதானமாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் கணக்கு எளிதுதான். கண்ணாடி விரியன் கடித்து மருந்து ஏற்றாவிட்டால் ரத்தம் உறையாமல் போய்ச் சாக வேண்டும். ஏற்றினால் அந்த நாய் மாதிரி சாக வேண்டும். இருதலைக் கொள்ளி எறும்பு என்பது பள்ளிக்கூடத்தில் வாக்கியத்தில் அமைத்து எழுதின சங்கதி. வவுணதீவுக்கு முன்னால் எருமைக் கூட்டம் ஒன்று ரோட்டைக் கடந்தது, ஒவ்வொன்றாக, எங்களை ஒவ்வொன்றும் ஒரு தடவை பார்த்துவிட்டு. எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது. பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் முதலில் பையைத்தான் வாங்கினார். பாம்பைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "கண் இமை விழுது" என்று நர்ஸிடம் சொன்னார். எங்கள் ஊர்க் கண்ணாடி விரியன் ரத்தத்தைக் கெடுக்கும். இந்த ஊர்க் கண்ணாடி விரியன் அதோடு நரம்பையும் தளர்த்தி இமையைக் கீழே இழுக்கும். ஒரே பாம்பு, ஒரே பெயர், விஷத்தில் ஊர் மாற்றம். அதனால் பாம்பும் இமையும் ஒத்துப்போனதும் அவர் மருந்துப் பெட்டியை உடைக்கச் சொன்னார்.

பெட்டியின் மேல் எங்கள் கம்பெனி முத்திரை. தொகுதி எண்ணைப் படித்தேன். அந்த மாதம் ரத்தம் கொடுத்தவர்களில் வெள்ளச்சியும் உண்டு.

"ஏத்தாதீங்க. எனக்குக் குதிரை ஒத்துக்காது" என்றேன்.

நாலு வருடம் யாரிடமும் சொல்லாததை ஓர் இளைஞரிடமும் இரண்டு நர்ஸ்களிடமும் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அதற்குள் டாக்டர் றிஸ்மியா வந்தார். "குதிர டொக்டருக்குக் குதிர ஒத்துக்காதா?" என்று கேட்டார். சிரிக்கவில்லை. "இத முதலே சொல்லியிருக்கலாமே" என்று என் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"இமை எனக்குப் பிறவியிலேயே இப்படித்தாங்க. பள்ளிக்கூடத்துல தூங்குமூஞ்சின்னுதான் கூப்பிடுவாங்க."

கடிபட்டவன் சொல்வதை யார் நம்புவது? சட்டைப் பையில் பாஸ்போர்ட் இருந்தது. அதை விரித்துப் படத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். பாஸ்போர்ட் படத்தில் நன்றாக வந்துவிட்டவர்களை நினைத்து நான் பொறாமைப்பட்டதுண்டு. இனிமேல் இல்லை. ஏழு வருடம் முன்பே என் இரண்டு இமைகளும் அதே அளவுக்கு விழுந்திருந்தன.

பாம்பு மட்டும் மிச்சம். தட்டில் நீட்டி வைத்திருந்தார்கள். குதிரையானாலும் பாம்பானாலும் செத்த பிராணியைப் பார்ப்பது என் தொழில். முதலில் எறும்பைக் கவனித்தேன். கண்ணிலும் வாயிலும் சாரை சாரையாக எறும்பு. உடம்பு கயிறு மாதிரி விறைத்து, ஒட்டியிருந்த சேறு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. என்னைக் கடித்து இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகவில்லை.

"தங்கராசா, இது எப்ப அடிச்ச பாம்பு?"

அவர் என்னையும் டாக்டரையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "காலையில ஐயா. நெல்லு வெட்டேக்க மெசினுக்கு முன்னால வந்திச்சு. அடிச்சு வேலியில போட்டன். உங்களக் கடிச்சதத் தேடினன், காணக் கிடைக்கல்ல."

"அதுக்கு இத ஏன் கொண்டு வந்தீங்க?" என்றார் டாக்டர்.

"வெறுங்கையோட எப்பிடி மிஸ் வாற? எங்கட வீட்டு விருந்தாளி. ஆளக் கொண்டு வந்து பாம்பக் கொண்டு வராட்டி, கவனமில்லாமப் பாத்திருக்கான் எண்டு நினைப்பீங்க."

யாரும் அவரைத் திட்டவில்லை. டாக்டர் பெருமூச்சு விட்டு, "என்ட அலுமாரியில இருக்கிற பாம்புகள்ல எத்தின உண்மை சொல்லுது எண்டு இப்பச் சந்தேகமாக் கிடக்கு" என்றார்.

பிறகு அவர் செய்தது ரொம்பப் பழைய சோதனை. என் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, ஜன்னல் கட்டையில் வைத்தார். இருபது நிமிடம் யாரும் தொடக் கூடாது. கண்ணாடி விரியன் கடித்திருந்தால் ரத்தம் தண்ணீராக நிற்கும். இல்லையென்றால் உறையும். நோய் எதிர்ப்பியலின் வரலாறு முழுவதையும் நாற்பது நிமிடத்தில் சொல்ல வந்தவன், அதில் பாதி நேரத்தை ஒரு குழாயைப் பார்த்துக்கொண்டே கழித்தேன். நௌபர் வாசலில் நின்று வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். தங்கராசா வெறும் உரப்பையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார்.

டாக்டர் குழாயைச் சாய்த்தார். ரத்தம் எருமைத் தயிர் மாதிரி அசையாமல் நின்றது.

நான் அழுதுவிட்டேன். அதை எழுத வெட்கமாக இல்லை. அன்று பிறகும் பலமுறை எடுத்துப் பார்த்தார்கள், ஒவ்வொரு தடவையும் உறைந்தது.

மறுநாள் கால் முழங்கால் வரை வீங்கியது, கடித்த இடத்தில் கொப்புளம். பத்து மணிக்குத் தங்கராசா வந்தார். கையில் ஜாம் போத்தல், மூடியில் ஆணியால் ஓட்டை. விடிந்ததிலிருந்து சருகைப் புரட்டியிருக்கிறார். உள்ளே ஒரு சாண் நீளத்தில், மூக்கு நிமிர்ந்து, காய்ந்த இலை நிறத்தில் உயிரோடு இருந்தது. இதுதானா என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்தக் கொப்புளத்தைப் பார்த்த டாக்டருக்குச் சந்தேகம் இல்லை.

"இதுக்குக் குடுக்கத்தானே ஐயா அந்த மருந்து?" என்று தங்கராசா கேட்டார்.

"இல்ல. இதுக்கு எங்ககிட்ட மருந்து இல்ல. நேத்து ஏத்தியிருந்தா இந்த விஷத்தை அது தொட்டிருக்காது. என்னைத்தான் தொட்டிருக்கும்."

அவர் போத்தலைக் கட்டிலோரம் வைத்தார். "நேத்து நான் பிழையான பாம்பக் கொண்டு வந்தன். நீங்க இவ்வளவு தூரம் பிழையான மருந்தக் கொண்டு வந்திருக்கீங்க" என்றார். பிறகு விருந்தாளியிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தோ என்னவோ, "இரிக்கட்டும், மறுகா செய்வீங்கதானே" என்று சேர்த்துக்கொண்டார். 'மறுகா' என்றால் இந்த ஊரில் பிறகு என்று பொருள்.

ஐந்தாம் நாள் பை வந்தது. நௌபர் சொன்ன மாதிரியே சுற்றிவிட்டு வந்தது. மாத்திரை எண்ணிக்கை குறையவில்லை. கூட்டம் ஏழாம் நாள். சக்கர நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு பேசினேன். உலகத்துப் பாம்புகளுக்கெல்லாம் ஒரே மருந்து என்று சொன்ன பிரெஞ்சு மருத்துவரைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னது ஒரு நூற்றாண்டுக்கு முன்னால். நாங்கள் இன்றைக்கும் ஒரு கடலைத் தாண்டி அதே பெட்டியைத்தான் அனுப்புகிறோம் என்றேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை. எழுதி வைத்ததில் பாதியோடு நிறுத்திவிட்டேன்.

சிறுநீரகத்துக்காக இன்னும் சில நாள் இருக்கச் சொன்னார்கள். என்னுடையது நிற்கவில்லை. ஒரு நாள் நடைபழகும்போது மெஷின் அறை வாசலில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். என் காலைக் கவனித்தார். "உங்களையும் அதுவோ ஐயா கடிச்சது?"

"ஓம்" என்றேன். அந்த ஊர்ச் சொல் தானாக வந்தது. கொஞ்சம் நகர்ந்து பெஞ்சில் எனக்கு இடம் விட்டார்.

பதின்மூன்றாம் நாள் கிளம்பினேன். டாக்டர் றிஸ்மியா ஒரு சிரிஞ்சோடு வந்தார்.

"எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொன்னீங்களே?"

"இது உங்களுக்கில்ல. பாம்பு கடிச்சு இண்டைக்குப் பத்து நாள். அந்தப் பாம்புட விசத்துக்கு எதிரா உங்கட உடம்பு கொஞ்சம் ஆண்டிபாடி செஞ்சிருக்கும். அந்த அளவு மருந்துக்குக் காணாது, ஆராய்ச்சிக்குக் காணும். எது எங்க பிடிக்குது எண்டு பாக்க வேணும். எங்கயாவது தொடங்கத்தானே வேணும். தாறீங்களா?"

கையை நீட்டினேன். நரம்பு தேடி அவர் என் கையில் இரண்டு தட்டுத் தட்டினார். லாயத்தில் வெள்ளச்சியின் கழுத்தில் ஊசி ஏற்றும் முன்பு நானும் அப்படித்தான் இரண்டு தட்டுத் தட்டுவேன். அவள் ஒருமுறை காதை ஆட்டிவிட்டு அசையாமல் நிற்பாள். நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறேன் என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வது வழக்கம்.

அசையாமல் நின்றேன்.